பழைய பைக்குக்கு இக்னிஷனும் செல்ஃப் ஸ்டார்ட்டும் வயரிங் பண்றது எப்படி: எர்த்ல ஆரம்பிச்சு கடைசி டெஸ்ட் வரைக்கும்

செல்ஃப் பட்டனை அமுக்கினா மோட்டார் நல்லா சுத்துது, இஞ்சின் மட்டும் பிடிக்கல, சலிச்சுப்போய் பட்டன்ல இருந்து விரலை எடுக்கிற அந்த நொடியில "டப்"னு ஒரு தடவை பிடிச்சுட்டு அணைஞ்சுடுது. பழைய பைக் வச்சிருக்கிற நிறைய பேருக்கு இது தெரிஞ்ச கதை. எனக்கு இது நடந்தப்ப கார்புரேட்டரை மூணு தடவை கழட்டி மாட்டினேன், பிளக்கை மாத்தினேன், பாயிண்ட் செட்டை (பிளக்ல பொறி வர்ற நேரத்தைத் தீர்மானிக்கிற சின்ன ஸ்விட்ச்) மாத்தினேன், கடைசியில பாத்தா கோளாறு இதுல எதுலயுமே இல்ல. மோட்டார் சுத்துறப்ப பேட்டரில 9.8 வோல்ட் இருக்கு, ஆனா இக்னிஷன் காயிலுக்கு, அதாவது பிளக்குக்குப் பொறி உண்டாக்கிக் கொடுக்கிற காயிலுக்கு, வந்து சேர்றது 7.5 தான். விரலை எடுத்ததும் வோல்ட் ஏறுது, ஸ்பார்க் வருது, அதுக்குள்ள இஞ்சின் சுத்துறதே நின்னுடுது, எங்க பிடிக்கும்.

அதனால வயரை கையில எடுக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணை மனசுல வச்சுக்கங்க. ஒரே பேட்டரில ரெண்டு பேர் சாப்பிடுறாங்க. செல்ஃப் மோட்டார் பெருந்தீனிக்காரன், சின்ன பைக்லயே 50, 60 ஆம்ப் இழுப்பான், பெரிய இஞ்சின்னா 100-ஐ தாண்டும். இக்னிஷன் காயில் 3, 4 ஆம்ப்லயே திருப்தி ஆயிடும், ஆனா அது அந்த நேரத்துக்கு கிடைச்சே ஆகணும். பெரியவன் சாப்பிடுறப்ப சின்னவன் பட்டினி கிடக்காம பாத்துக்கிறதுதான் இந்த வயரிங் வேலையே.

முதல்ல உங்க பைக்ல என்ன இருக்குனு பாருங்க

மூணு விஷயம் தெரியாம வயர் வாங்கப் போகாதீங்க.

ஒண்ணு, 6 வோல்ட்டா 12 வோல்ட்டா. நான் இங்க சொல்றது எல்லாம் 12 வோல்ட் கணக்கு. 6-ல இருந்து 12-க்கு மாத்துறீங்கன்னா பேட்டரியை மட்டும் மாத்தினா பத்தாது, காயில், பல்பு, ஹாரன், ஃப்ளாஷர், ரெகுலேட்டர் எல்லாமே கூடவே மாறணும்.

ரெண்டு, எந்தப் பக்கம் எர்த், அதாவது பேட்டரியோட எந்த முனை வண்டி பாடியோட (சேசிஸ்) சேந்திருக்குனு. ஜப்பான் பைக் பெரும்பாலும் நெகட்டிவ் எர்த், ஆனா பழைய பிரிட்டிஷ் பைக்ல, அதாவது ட்ரையம்ஃப், பிஎஸ்ஏ, நார்ட்டன் மாதிரி லூகாஸ் எலக்ட்ரிக்கல் வந்த வண்டிகள்ல, பாசிட்டிவ்தான் பாடில போயிருக்கும். பேட்டரியோட எந்த டெர்மினல்ல இருந்து சேசிஸுக்கு வயர் போகுதுனு கண்ணால பாருங்க, யாரோ நடுவுல மாத்தி வச்சிருக்கலாம், மேனுவலை மட்டும் நம்பாதீங்க. இதை மாத்திக் கொடுத்தா எலக்ட்ரானிக் இக்னிஷன், ரெக்டிஃபையர் (ஏசி கரண்டை டிசியா மாத்துறது) எல்லாம் அந்த நொடியே போயிடும். செல்ஃப் மோட்டார் விஷயத்துல இன்னும் ஒரு வேடிக்கை இருக்கு, உள்ள நிரந்தர காந்தம் வச்ச மோட்டார்னா பாசிட்டிவ் நெகட்டிவ் மாறினா எதிர்ப்பக்கமா சுத்தும், உள்ள ஃபீல்டு காயில் சுத்தின பழைய டைப்னா எப்படிக் கொடுத்தாலும் ஒரே பக்கம்தான் சுத்தும். வேற வண்டி மோட்டாரை எடுத்துப் போடுறவங்க இதைக் கவனிக்கணும்.

மூணாவதுதான் முக்கியம், இக்னிஷன் எந்த டைப். பேட்டரி-காயில்-பாயிண்ட் ஒரு வகை. பாயிண்டுக்குப் பதிலா பிக்கப்பும் (பொறி வர வேண்டிய நேரத்தைச் சொல்ற சென்சார்) ஒரு டிரான்சிஸ்டர் பெட்டியும் வச்சது இன்னொரு வகை, இதுவும் பேட்டரில ஓடுறதுதான். அடுத்தது சிடிஐ, அதாவது ஒரு கெபாசிட்டர்ல சார்ஜை சேத்து வச்சு காயிலுக்குள்ள ஒரேயடியா விடுற பெட்டி, அதுலயே இஞ்சினோட சுத்துற மேக்னட்ல இருந்து நேரா கரண்ட் எடுக்கிற ஏசி சிடிஐ ஒண்ணு, பேட்டரி 12 வோல்ட்ல ஓடுற டிசி சிடிஐ ஒண்ணு. ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா கில் ஸ்விட்ச் (ஹேண்டில்ல இஞ்சினை அணைக்கிற ஸ்விட்ச்) வேலை செய்யிற விதமே இதுல தலைகீழா மாறுது. பாயிண்ட், டிரான்சிஸ்டர், டிசி சிடிஐ இதுலயெல்லாம் கில் ஸ்விட்ச் பெரும்பாலும் 12 வோல்ட்டை கட் பண்ணும். ஏசி சிடிஐ, மேக்னெட்டோ (பேட்டரி இல்லாம தானே பொறி உண்டாக்குறது) இதுல கில் வயரை எர்த்ல தொட்டா இஞ்சின் அணையும், வயர் எதுலயும் தொடாம இருந்தா ஓடும். இந்த வித்தியாசம் தெரியாம ஏசி சிடிஐயோட கில் வயர்ல 12 வோல்ட்டைக் கொடுத்தா பெட்டி காலி.

காயிலும் அப்படித்தான், பாக்க ஒரே மாதிரி இருக்கும், மாத்திப் போட முடியாது. 12 வோல்ட் பாயிண்ட் சிஸ்டத்துக்கான காயில்ல பிரைமரியை (12 வோல்ட் வர்ற பக்கத்துச் சுத்து) மீட்டர்ல அளந்தா சுமாரா 3-ல இருந்து 5 ஓம் காட்டும். சிடிஐ காயில் 1 ஓமுக்கும் கீழ இருக்கும். சிடிஐ காயிலைக் கொண்டுபோய் பாயிண்டோட சேத்தா 12 வோல்ட்டை அரை ஓமால வகுத்துப் பாருங்க, 24 ஆம்ப், பாயிண்ட் கருகிடும்.

ஹார்னஸ்ல (வண்டியோட மொத்த வயர் கட்டு) ஒரிஜினல் கலர் மிச்சம் இருந்தா பாதி வேலை முடிஞ்ச மாதிரி. ஹோண்டால சிவப்பு பேட்டரி, கருப்பு சாவி போட்டதும் வர்ற லைன், பச்சை எர்த். யமஹால சிவப்பு பேட்டரி, பிரவுன் சாவி லைன், கருப்பு எர்த். சுசுகில சாவி லைன் ஆரஞ்சு, எர்த் கருப்புல வெள்ளைக் கோடு. பழைய கவாசாகில பேட்டரி லைன் வெள்ளை, சாவி லைன் பிரவுன், எர்த் கருப்புல மஞ்சள் கோடு. லூகாஸ்ல வெள்ளை இக்னிஷன், சிவப்புதான் எர்த்! ஜப்பான் வண்டி பாத்துப் பழகின கை அங்க தப்பு பண்ணும். ஹோண்டால கருப்பு லைவ், யமஹால கருப்பு எர்த், அதையும் குறிச்சு வச்சுக்கங்க.

என்னென்ன வேணும்

ஒரு மல்டிமீட்டர், ஒரு 21 வாட்ஸ் இண்டிகேட்டர் பல்பு ஹோல்டரோட ரெண்டு வயர் நீட்டி வச்சது (இதுதான் இந்த வேலையோட ஹீரோ, பின்னாடி வரும்), கிரிம்பிங் பிளையர், ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ், உப்புத்தாள், லக்குகள் (கேபிள் முனையில மாட்டி போல்ட்ல இறுக்கிற உலோகத் துண்டு). வயர் எல்லாம் ஆட்டோ வயரா இருக்கட்டும், அதாவது மெல்லிசு மெல்லிசா நிறைய இழை உள்ளது. வீட்டு வயரிங்ல மிஞ்சின ஒத்தைக் கம்பி வயரைப் போட்டா அதிர்வுல ஒருநாள் உள்ளுக்குள்ளயே முறியும், வெளிய தோல் அப்படியே இருக்கும், தேடி தேடி சாகணும்.

சைஸ் கணக்கு இப்படி வச்சுக்கங்க (ரிலேங்கிறது சின்ன கரண்டை வச்சு பெரிய கரண்டை ஆன் பண்ற ஸ்விட்ச்): பேட்டரி-ரிலே-மோட்டார், பேட்டரி-இஞ்சின் எர்த் இந்த தடி கேபிள் எல்லாம் 16 ஸ்கொயர் எம்எம், இஞ்சின் பெருசுன்னா 25. பேட்டரில இருந்து ஃபியூஸ் வழியா சாவிக்கு 2.5. காயிலுக்கு 1.5. பட்டன், நியூட்ரல், கிளட்ச் ஸ்விட்சுக்கு 1 போதும்.

ஜாயிண்ட் விஷயத்துல என் கருத்து கிரிம்ப்தான், அதாவது டெர்மினலை பிளையரால வயர் மேல அமுக்கி இறுக்குறது. சால்டரிங் கெட்டதுனு சொல்லல, ஆனா ஈயம் வயருக்குள்ள ஏறி எங்க நிக்குதோ அந்த இடத்துல வயர் விறைச்சுப் போகும், பைக் அதிர்வுல சரியா அங்கதான் உடையும். சால்டர் பண்ணினா அந்த இடம் ஆடாம பக்கத்துலயே கட்டிடுங்க. வயரை வயரோட முறுக்கி டேப் சுத்துறது, தோலைக் குத்தி இன்னொரு வயரைச் சேக்கிற அந்த பிளாஸ்டிக் கிளிப், ரெண்டும் வேண்டவே வேண்டாம்.

படம் போடாம ஆரம்பிக்காதீங்க

ஒரு பேப்பர்ல பேட்டரி, செல்ஃப் ரிலே, மோட்டார், ஃபியூஸ், சாவி, கில் ஸ்விட்ச், பட்டன், காயில், பாயிண்ட் எல்லாத்தையும் கட்டமா போட்டு கோடு இழுங்க. தடி கேபிளை ஒரு கலர் பேனாலயும் மத்ததை வேற கலர்லயும் போடுங்க. மோட்டாருக்குப் போற கரண்ட் சாவி வழியாவோ பட்டன் வழியாவோ போகவே போகாது, பட்டன் ரிலேவுக்கு உத்தரவு மட்டும்தான் கொடுக்குது, சுமக்கிறது ரிலே. இது படத்துல தெளிவா வந்துட்டா வேலை பாதி புரிஞ்சிடும்.

எர்த்ல இருந்துதான் ஆரம்பம்

எல்லாரும் பாசிட்டிவ் பக்கத்துல ஆரம்பிப்பாங்க, நான் எர்த்ல ஆரம்பிக்கச் சொல்றேன். போற கரண்ட் எல்லாம் திரும்பி வரணும், 100 ஆம்ப் போனா 100 ஆம்ப் வரணும். செல்ஃப் மோட்டாரோட எர்த் அதோட பாடிதான், அது இஞ்சின்ல போல்ட் ஆகியிருக்கு, அதனால பேட்டரியோட எர்த் கேபிள் நேரா இஞ்சின் கேஸுக்குப் போகணும். சேசிஸ்ல மட்டும் கட்டி விட்டா போதும்னு விடாதீங்க, இஞ்சின் ரப்பர் மவுண்டிங்ல உட்கார்ந்திருந்தா ரெண்டுக்கும் நடுவுல தொடர்பே சரியா இருக்காது.

அப்படி எர்த் கேபிள் இல்லாம விட்டா என்ன ஆகும்னு நான் நேர்ல பாத்திருக்கேன். பட்டன் அமுக்கினதும் கிளட்ச் கேபிள்ல இருந்து புகை! கரண்டுக்கு வழி கிடைக்கலன்னா அது தானா ஒரு வழி கண்டுபிடிக்கும், இஞ்சினையும் ஹேண்டில்பாரையும் சேக்கிற இரும்புன்னு பாத்தா கிளட்ச் கேபிளும் ஆக்சிலேட்டர் கேபிளும்தான், அந்த மெல்லிசு கம்பில அத்தனை ஆம்பும் பாய்ஞ்சு உள்ள இருக்கிற பிளாஸ்டிக் உருகிடுச்சு. நான் கிளட்ச் கேபிளை மாத்தினேன், எர்த்தை பாக்கல, ரெண்டாவது கேபிளும் போச்சு, அப்புறம்தான் புத்தி வந்துச்சு.

புதுசா பெயிண்ட் இல்ல பவுடர் கோட்டிங் அடிச்ச வண்டின்னா எர்த் போல்ட் உட்கார்ற இடத்துல பெயிண்டை உப்புத்தாள் போட்டு வெள்ளை இரும்பு தெரியிற வரைக்கும் தேயுங்க, லக்கை வச்சு இறுக்கினதுக்கு அப்புறம் மேல கொஞ்சம் கிரீஸ் தடவுங்க, துரு பிடிக்காது. இஞ்சினுக்கு ஒரு தடி கேபிள், இஞ்சின்ல இருந்து சேசிஸுக்கு ஒரு வயர், ஹெட்லைட் பக்கத்துல இருந்து சேசிஸுக்கு தனியா ஒண்ணு. ஸ்டீயரிங் பால் ரேஸ் (கழுத்துல இருக்கிற பேரிங்) வழியா எர்த் வரும்னு நம்பி விடாதீங்க, கிரீஸ் வழியா கரண்ட் எடுக்கிற மாதிரி அது.

தடி கேபிள்: பேட்டரி, ரிலே, மோட்டார்

முதல்ல மோட்டாரை வெளிய எடுத்து டெஸ்ட் பண்ணிடுங்க. வைஸ்ல கட்டி, ஜம்பர் கேபிளால பாடிக்கு எர்த், டெர்மினலுக்கு லைவ். ஒரு உதறு உதறிட்டு சுத்தும், கையில பிடிச்சுக்கிட்டு பண்ணாதீங்க. மந்தமா சுத்தினா கார்பன் பிரஷ் தேஞ்சிருக்கா, கம்யூடேட்டர் கருத்திருக்கா, புஷ் ஆடி ஆர்மேச்சர் உரசுதானு திறந்து பாருங்க. 1975-ல வந்த நார்ட்டன் கமாண்டோ மார்க் 3-ல செல்ஃப் மோட்டார் பலவீனம்னு பேரே உண்டு, அந்த வண்டிக்காரங்க முதல்ல பண்றது மோட்டாரை நாலு பிரஷ்ஷா மாத்துறதும் கேபிளைத் தடியாக்குறதும்தான்.

அப்புறம் ரிலே. செல்ஃப் ரிலேனு சொன்னா ரெண்டு பெரிய போல்ட், ரெண்டு சின்ன வயர் உள்ளது. லைட்டுக்குப் போடுற 30, 40 ஆம்ப் சின்ன ரிலேவை இங்க போட்டா ரெண்டு மூணு தடவைல உள்ள ஒட்டிக்கும். சின்ன வயர் ரெண்டுக்கும் நடுவுல மீட்டர்ல சுமாரா 3-ல இருந்து 5 ஓம் வரும், 12 வோல்ட் கொடுத்தா நல்லா "டக்"னு கேக்கணும், அந்த நேரத்துல பெரிய போல்ட் ரெண்டுக்கும் நடுவுல கிட்டத்தட்ட ஜீரோ ஓம் காட்டணும். ரிலேவை பேட்டரிக்குப் பக்கத்துலயே மாட்டுங்க.

பேட்டரி பாசிட்டிவ்ல இருந்து ரிலேவோட ஒரு பெரிய போல்ட், இன்னொரு பெரிய போல்ட்ல இருந்து மோட்டார், அவ்வளவுதான், இந்த லைன்ல ஃபியூஸ் கிடையாது. அதனாலயே இந்த கேபிளை எங்கயும் உரசாம ஓட்டணும், சைலன்சர் பக்கம் போகக்கூடாது, சேசிஸ் முனையில மடங்கக்கூடாது, டெர்மினல் மேல ரப்பர் பூட் கண்டிப்பா வேணும். இதுல ஷார்ட் ஆனா தடுக்கிறதுக்கு ஆளே இல்ல, பேட்டரி வெடிக்கிற வரைக்கும் போகலாம்.

கேபிள் ஏன் தடியா வேணும்னா கணக்கு சிம்பிள். வழியில எங்கயோ 0.01 ஓம் இருக்குனு வைங்க, மீட்டர்ல அதைப் பாக்கக்கூட முடியாது, ஆனா 100 ஆம்ப் போறப்ப அங்க 1 வோல்ட் காணாம போகும். பூத்துப்போன ஒரு லக் போதும் அதுக்கு.

பேட்டரில ஸ்பேனர் வைக்கிறப்ப எர்த் பக்கத்து டெர்மினலைத்தான் முதல்ல கழட்டணும், மாட்டுறப்ப அதைக் கடைசியா மாட்டணும். லைவ் பக்கம் கழட்டுறப்ப ஸ்பேனர் சேசிஸ்ல பட்டாலும் ஒண்ணும் ஆகாது, எர்த் ஏற்கனவே கழண்டிருக்கு.

பட்டன் லைன்: ரிலேவுக்கு உத்தரவு

இதுல ரெண்டு வழக்கம் உண்டு. சில பைக்ல சாவியில இருந்து 12 வோல்ட் பட்டன் வழியா ரிலேவுக்கு வந்து அங்க இருந்து எர்த் ஆகும். சிலதுல ரிலேவுக்கு 12 வோல்ட் எப்பவும் நிக்கும், பட்டன் அதை எர்த்ல தொட வைக்கும், அதாவது ஹேண்டில்பாரே எர்த். உங்க பட்டன்ல ஒரே ஒரு வயர்தான் வருதுன்னா ரெண்டாவது டைப்பா இருக்க வாய்ப்பு அதிகம். ரப்பர்ல மிதக்கிற ஹேண்டில்பார்னா அதுக்கும் தனி எர்த் வயர் கொடுக்கணும், இல்லன்னா செல்ஃப் ஒரு நாள் வரும் ஒரு நாள் வராது.

கியர்ல இருக்கிறப்ப தெரியாம பட்டன் அமுக்கி வண்டி பாயக்கூடாது, அதுக்குத்தான் நியூட்ரல் ஸ்விட்சும் கிளட்ச் ஸ்விட்சும். நான் போடுறது இப்படி: பட்டன்ல இருந்து 12 வோல்ட் ரிலேவோட ஒரு சின்ன வயருக்கு, இன்னொரு சின்ன வயர் ரெண்டா பிரிஞ்சு ஒண்ணு கிளட்ச் ஸ்விட்ச் வழியா எர்த்துக்கு, இன்னொண்ணு ஒரு டயோடு (ஒரே பக்கமா மட்டும் கரண்டை விடுற சின்ன பாகம்) வழியா நியூட்ரல் ஸ்விட்சுக்கு. நியூட்ரல்ல இருந்தாலோ கிளட்ச் பிடிச்சிருந்தாலோ ஏதாவது ஒரு எர்த் கிடைக்கும். அந்த டயோடு எதுக்குன்னா, அது இல்லாம விட்டா கிளட்ச் பிடிக்கிறப்ப எல்லாம், வண்டி கியர்ல இருந்தாலும், நியூட்ரல் லைட் எரியும். டயோடுல கோடு போட்ட முனை நியூட்ரல் ஸ்விட்ச் பக்கம் இருக்கணும் (பாசிட்டிவ் எர்த் வண்டின்னா திருப்பி). ரிலே காயிலே 3, 4 ஆம்ப் எடுக்கும்கிறதால 1 ஆம்ப் டயோடு பத்தாது, 6 ஆம்ப் டயோடு போடுங்க.

இன்னொரு டயோடு ரிலேவோட சின்ன வயர் ரெண்டுக்கும் குறுக்க போடுங்க, கோடு போட்ட முனை பாசிட்டிவ் பக்கம், இதுக்கு சாதாரண 1என்4007 போதும். பட்டனை விடுறப்ப ரிலே காயில் ஒரு பெரிய வோல்டேஜை எதிர்ப்பக்கமா உதறும், அது பட்டன் கான்டாக்டைக் கருக்கும், டிரான்சிஸ்டர் பெட்டி இருந்தா அதையும் தொந்தரவு பண்ணும், டயோடு அதை விழுங்கிடும். திருப்பி மாட்டினா பட்டன் அமுக்கினதும் ஃபியூஸ் போகும், அந்த டயோடும் கெட்டிருக்கலாம், பயப்படாம புது டயோடை சரியான பக்கம் மாட்டுங்க.

இக்னிஷன் லைன்

பேட்டரி பாசிட்டிவ்ல இருந்து முதல்ல ஃபியூஸ், பேட்டரிக்கு ரொம்ப பக்கத்துல. வயரை ரிலேவோட பேட்டரிப் பக்கத்து போல்ட்லயே எடுத்துக்கலாம், மோட்டார் பக்கத்து போல்ட்ல எடுத்துடாதீங்க, அப்படி எடுத்துட்டு "வண்டில கரண்டே இல்ல"னு அரை நாள் உட்கார்ந்திருந்த ஆள் எனக்குத் தெரியும், நான்தான். மெயின் ஃபியூஸ் 15 இல்ல 20 ஆம்ப். அங்க இருந்து சாவி, சாவியில இருந்து கில் ஸ்விட்ச், அங்க இருந்து காயிலோட பிளஸ். காயிலோட மைனஸ்ல இருந்து பாயிண்ட். பாசிட்டிவ் எர்த் வண்டில இது மாறும், பாயிண்ட் பக்கம்தான் காயிலோட பிளஸ் வரணும், மாத்தி வச்சாலும் வண்டி ஓடும் ஆனா ஸ்பார்க் கொஞ்சம் பலவீனமா இருக்கும்.

பாயிண்ட் மூடியிருக்கிறப்ப காயில்ல கரண்ட் ஓடி காந்தம் ஏறுது, திறக்கிற நொடியில அந்த காந்தம் சரியுது, அப்பதான் பிளக்ல பொறி. திறக்கிற இடத்துல கரண்ட் தாவிடாம அதை சடக்குனு நிறுத்துறது கன்டென்சர், பாயிண்டுக்கு இணையா மாட்டுறது, சுமாரா 0.2 மைக்ரோ ஃபேரட். பாயிண்ட் திறக்கிறப்ப நீலமா பொறி பறந்தா கன்டென்சர் போச்சுனு அர்த்தம். கேப் ஃபீலர் கேஜ் வச்சு மேனுவல்ல சொன்னபடி, ஜப்பான் பைக்ல பெரும்பாலும் 0.3-ல இருந்து 0.4 எம்எம். பாயிண்ட்ல இருக்கிற சின்ன ஃபைபர் வாஷர் ஒழுங்கா உட்காரணும், ஸ்பிரிங்கும் வயரும் பேஸ் பிளேட்ல தொடக்கூடாது, தொட்டா ஸ்பார்க்கே வராது.

சாவியைப் போட்டு மீட்டரை காயில் மைனஸ்ல வச்சு இஞ்சினை மெதுவா சுத்துங்க, பாயிண்ட் மூடினா ஜீரோ, திறந்தா 12. மூடியிருக்கிறப்ப 0.2 வோல்ட்டுக்கு மேல காட்டினா பாயிண்ட்ல எண்ணெயோ கரியோ இருக்கு. அதே இடத்துல டெஸ்ட் பல்பை எர்த்தோட சேத்தா எரிய ஆரம்பிக்கிற புள்ளிதான் பாயிண்ட் திறக்கிற புள்ளி, டைமிங் மார்க் அங்க வரணும். இந்த வேலை முடிஞ்சதும் சாவியை எடுத்துடுங்க, இஞ்சின் நிக்கிறப்ப பாயிண்ட் மூடியிருந்தா காயில்ல 35 வாட்ஸ் கிட்ட சும்மாவே சூடாகிட்டிருக்கும்.

இப்ப என் 7.5 வோல்ட் கதைக்கு வர்றேன். சாவி ஸ்விட்ச் வழியா காயிலுக்கு 3 ஆம்ப் மட்டும் போகல, பட்டன் அமுக்கினா ரிலேவுக்கு இன்னொரு 3, ஹெட்லைட் எரிஞ்சா அதுக்கு இன்னொரு 3. வருஷக்கணக்கா தேஞ்ச சாவி கான்டாக்ட்ல மட்டும் 1.1 வோல்ட் போச்சு, டேங்குக்கு அடியில இருந்த ஒரு பச்சை பூத்த கப்ளர்ல (வயர்களைச் சேக்கிற கனெக்டர்) 0.8, கில் ஸ்விட்ச்ல 0.4. 9.8-ல இருந்து இதைக் கழிச்சா 7.5 வந்துடுச்சா.

கப்ளரையும் ஸ்விட்சையும் சுத்தம் பண்றது ஒரு வழி. அதோட இக்னிஷனுக்கு ஒரு தனி ரிலே போட்டா நிரந்தரமா தீரும், இங்க லைட்டுக்குப் போடுற அந்த நாலு பின் ரிலேவே போதும். பேட்டரில இருந்து தனியா 10 ஆம்ப் ஃபியூஸ் போட்டு 30-ம் நம்பர் பின்னுக்கு, 87-ல இருந்து காயிலுக்கு, கில் ஸ்விட்ச்ல இருந்து வர்ற பழைய காயில் வயர் 86-க்கு, 85 எர்த். சாவியும் கில் ஸ்விட்சும் எப்பவும் போல வேலை செய்யும், ஆனா காயில் நேரா பேட்டரில சாப்பிடும். மோட்டார் சுத்துறப்ப வோல்ட் குறைஞ்சா ரிலே விட்டுடாதானு கேப்பீங்க, ஒரு தடவை பிடிச்சதுன்னா ரிலே அதைவிட ரொம்ப கம்மி வோல்ட்லயும் பிடிச்சுட்டே இருக்கும். பட்டன் அமுக்கிறப்ப ஹெட்லைட் தானா அணையிற மாதிரி ஸ்விட்ச் சில பைக்ல உண்டு, இருந்தா அதை அப்படியே வச்சுக்கங்க, பைபாஸ் பண்ணிடாதீங்க.

ஏசி சிடிஐ வச்சிருக்கிறவங்களுக்கு இந்தத் தலைவலியே இல்ல, அவங்க ஸ்பார்க் மேக்னட்ல இருந்து வருது, பேட்டரி படுத்தாலும் கிக்கர் அடிச்சுப் போகலாம். அவங்க பாக்க வேண்டியது சிடிஐ பெட்டியோட எர்த்தும் கில் வயரும் மட்டும்தான்.

முதல் தடவை கரண்ட் கொடுக்கிறது

நேரா ஃபியூஸைப் போடாதீங்க. மோட்டாருக்குப் போற தடி கேபிளைக் கழட்டி முனையில டேப் சுத்திடுங்க, காயிலுக்குப் போற வயரையும் கழட்டிடுங்க, அப்புறம் ஃபியூஸ் இருக்கிற இடத்துல அந்த 21 வாட்ஸ் பல்பை மாட்டுங்க. இக்னிஷன் ரிலேவுக்கு தனி ஃபியூஸ் போட்டிருந்தா அதை இப்போதைக்கு எடுத்து வச்சிடுங்க, இது முடிஞ்சதும் அந்த இடத்துலயும் இதே மாதிரி பல்பு வச்சுப் பாக்கணும். சாவி ஆஃப்ல பல்பு எரியவே கூடாது. சாவி ஆன் பண்ணினாலும், வேற லைட் எதுவும் போடாம இருந்தா, எரியக்கூடாது. பிரகாசமா எரிஞ்சா எங்கயோ ஷார்ட். பல்பு இருக்கிறதால வயர் கருகாது, நிதானமா ஒவ்வொரு கப்ளரா கழட்டிப் பாருங்க, எதைக் கழட்டினா அணையுதோ கோளாறு அந்தப் பக்கம். ஹேண்டிலை ரெண்டு பக்கமும் முழுசா திருப்பியும் பாருங்க, கழுத்துப் பக்கம் நசுங்கிற வயர் அப்பதான் மாட்டும். இப்ப காயில் வயரை மாட்டுங்க, பாயிண்ட் மூடியிருந்தா பல்பு சுமாரா எரியும் திறந்திருந்தா அணையும், அது சரி. எல்லாம் ஒழுங்குனு தெரிஞ்ச அப்புறம் ஃபியூஸ், பட்டனை அமுக்கி ரிலே டக்குனு கேட்டா கடைசியா மோட்டார் கேபிள்.

சுத்த விட்டு அளக்கிறது

இந்த டெஸ்டுக்கு இஞ்சின் பிடிக்கக்கூடாது. பாயிண்ட் வண்டில காயில் வயரைக் கழட்டினா போதும். எலக்ட்ரானிக் இக்னிஷன்ல பிளக் கேப்பை சும்மா தொங்க விட்டு சுத்தாதீங்க, பொறிக்குப் போக இடம் இல்லாம காயிலுக்குள்ளயோ பெட்டிக்குள்ளயோ பாயும், பிளக்கை மாட்டி இஞ்சின் மேல தொடுற மாதிரி வைங்க, இல்ல பெட்டிக்கு வர்ற 12 வோல்ட்டையே கழட்டுங்க. ஒரு தடவைக்கு 5 செகண்டுக்கு மேல சுத்த வேண்டாம், நடுவுல மோட்டார் ஆறட்டும்.

பேட்டரியோட ரெண்டு ஈயக் கட்டை மேலயே மீட்டர் முனையை வச்சு, சுத்துறப்ப 9.6-க்கு கீழ போகக்கூடாது. போனா பேட்டரி வீக், இல்ல மோட்டார் அதிகமா இழுக்குது. சும்மா இருக்கிறப்ப 12.6 காட்டுது அதனால பேட்டரி நல்லா இருக்குனு சொல்லாதீங்க, சல்ஃபேட் ஆன பேட்டரியும் 12.6 காட்டும், சுமை ஏத்தினா 8-க்கு விழும். அடுத்து மீட்டரோட ஒரு முனை பேட்டரி பாசிட்டிவ்ல, இன்னொண்ணு மோட்டார் டெர்மினல்ல, சுத்துறப்ப 0.5 வோல்ட்டுக்குள்ள இருக்கணும், கூட இருந்தா ரிலேவோட ரெண்டு போல்ட் நடுவுல தனியா அளங்க, அங்க 0.2-க்கு மேல போனா ரிலே. அதே மாதிரி பேட்டரி நெகட்டிவ்ல இருந்து மோட்டார் பாடிக்கு 0.3-க்குள்ள. கடைசியா காயில் வயரை மாட்டிட்டு பேட்டரி பாசிட்டிவ்ல இருந்து காயில் பிளஸ்க்கு, பாயிண்ட் மூடின நிலைல, அரை வோல்ட்டுக்கு மேல போகக்கூடாது. இந்த நாலு அளவும் சரியா வந்தா வண்டி பிடிக்காததுக்கு வயரிங் காரணம் இல்ல, தாராளமா கார்புரேட்டர் பக்கம் போங்க. வண்டி பிடிச்ச அப்புறம் கொஞ்சம் ஆர்பிஎம் ஏத்தி பேட்டரில 13.8-ல இருந்து 14.5 வரைக்கும் வருதானும் பாத்துடுங்க.

சத்தத்தை வச்சே சொல்றது

பட்டன் அமுக்கினா ஒண்ணுமே கேக்கல: பட்டன், நியூட்ரல், கிளட்ச் ஸ்விட்ச், ரிலேவோட சின்ன வயர்கள், இந்த லைன்தான். ஒரே ஒரு "டக்", மோட்டார் அசையல: ரிலேவோட பெரிய கான்டாக்ட், தடி கேபிள், எர்த், மோட்டார் பிரஷ். "டரடரடர"னு அடிச்சுக்குது: பேட்டரி வோல்ட் விழுது, ரிலே பிடிச்சு பிடிச்சு விடுது. மோட்டார் ஜோரா சுத்துது ஆனா இஞ்சின் சுத்தல: வயரிங் இல்ல, மோட்டாரை இஞ்சினோட சேக்கிற ஒன்வே கிளட்ச் வழுக்குது. டைமிங் ரொம்ப அட்வான்ஸா வச்சு இஞ்சின் பின்னாடி உதைச்சா அந்த கிளட்ச் சீக்கிரம் போகும், அதனால டைமிங் பாக்காம செல்ஃப் அமுக்காதீங்க.

பயப்பட வேண்டிய ஒண்ணு, பட்டனை விட்டும் சாவியை எடுத்தும் மோட்டார் சுத்திட்டே இருக்கிறது. ரிலே உள்ள வெல்ட் ஆகி ஒட்டிக்கிச்சு. படுத்த பேட்டரியை வச்சுக்கிட்டு டரடரனு அமுக்கிட்டே இருந்தா உள்ள பொறி பறந்து பறந்து இப்படித்தான் ஒட்டும். ஃபியூஸ் இல்லாத லைன், எதை ஆஃப் பண்ணியும் நிக்காது, பேட்டரியோட எர்த் கேபிளைக் கழட்டுறது ஒண்ணுதான் வழி. அந்த டெர்மினலுக்கான ஸ்பேனரை டூல் பையில அடியில போடாம கை எட்டுற இடத்துல வைங்க.

எல்லாம் முடிஞ்ச அன்னைக்கு அளந்த நம்பர்களை, நீங்க மாத்தின வயர் கலரோட சேத்து அந்தப் படத்துலயே எழுதி, பிளாஸ்டிக் கவர்ல போட்டு சீட்டுக்கு அடியில ஒட்டிடுங்க. என் வண்டில ஒட்டியிருக்கிற பேப்பர்ல இப்ப "சுத்துறப்ப பேட்டரி 10.4, காயில் 10.2"னு இருக்கு.